ஒரு லிட்டர் பாக்கெட்

வயிற்றுப்போக்கால் துவண்டு கிடந்த மகளுக்கு, குன்னம் ஆஸ்பத்திரியில் கொடுத்த உப்புக் கரைசல் பொடிப் பாக்கெட்டுகளில் ஒன்றை முழுவதும் ராசாங்கம் ஒரே டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினான். சுமதி பாய்ந்து வந்து பிடுங்கினாள்.

"ஒரு லிட்டருக்கு உள்ளதுங்க இது!"

"கெட்டியா குடுத்தா சீக்கிரம் நிக்கும்னு நெனச்சேன்."

"உடம்புல மிச்சமிருக்குற தண்ணியையும் உப்பு இழுத்துரும். புள்ள செத்துருவா!"

"வந்துட்டா கெமிஸ்ட்ரி டீச்சரு!"

"ஆயிருப்பேன். கடைசிப் பரீட்சைய எழுத வுடாம தாலி கட்டுனது யாரு? இந்தாங்க, இத நீங்க குடிங்க!"

ஒரு வாய் குடித்தவன் முகம் கோணியது.

மிச்சமிருந்த இன்னொரு பாக்கெட்டை அவன் கையில் திணித்தாள். கொதித்து ஆறிய தண்ணீரை அவன் ஒரு லிட்டர் அளந்து கலக்கினான். ஸ்பூனை எடுத்தவன், அவள் ருசி பார்த்துத் தலையசைக்கும்வரை மகளின் வாயருகே கொண்டுபோகவில்லை.