வேஷ்டியில் ஏறிய ஆமை

பெண் பார்க்க வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு தகரப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "மாமா, பிளக் பாயிண்ட் எங்கே இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார்.

அப்பா அசந்துபோய் ரேடியோவுக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். நான் சமையலறைக் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ மாப்பிள்ளைகளை அந்தக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாயிற்று. சிலர் என் நிறத்தைப் பார்ப்பார்கள், சிலர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்ப்பார்கள். சுவரில் ஓட்டையைத் தேடி வந்தவர் இவர் ஒருவர்தான்.

அது அறுபத்தொன்றாம் வருஷம், கார்த்திகை மாதம். பம்பாய் மாதுங்காவில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. அப்பா பஞ்சாபகேசனுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. எனக்கு ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் உத்தியோகம். மார்கழி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது என்று அம்மா அகிலாண்டம் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றாள்.

வந்தவர் பெயர் ஜகந்நாதன். மலாயாவில் கணக்கு வாத்தியார். வருஷக் கடைசி லீவுக்குச் செம்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். அந்த அக்கா எங்களிடம் "சிங்கப்பூர் பக்கம்" என்று சொல்லி வைத்திருந்தாள். சிங்கப்பூர் என்றால் அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. மாதுங்காவில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு மச்சினனாவது இருப்பான். ஆனால் அவர் இருந்த ஊர் குவாலா திரங்கானு. மலாயாவின் கிழக்குக் கரையில், சிங்கப்பூரிலிருந்தே வெகுதூரம் வடக்கே தள்ளி. பெயரைக் கேட்டதும் இரண்டு பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்களாம். ஊரைப் படமாகக் காட்டிவிட்டால் பயம் தெளியும் என்று அக்காவும் தம்பியும் திட்டம் போட்டு, அக்கா புருஷரின் ட்ராம்பே ஆபீசிலிருந்து சிலைடு புரொஜெக்டரை இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

திரைக்கு எங்கே போவது? அப்பாவின் பண்டிகை வேஷ்டியை எடுத்து ஹாலில் துணிக்கொடியில் தொங்கவிட்டோம். சாயந்திரம் நாலு மணி வெயிலை மறைக்க ஜன்னலுக்கெல்லாம் கம்பளி. விளக்கை அணைத்ததும் வீடு கும்மிருட்டாகிவிட்டது. நான் கட்டியிருந்த மாம்பழ நிறப் பட்டுப்புடவை இருட்டில் தண்டமாய்ப் போயிற்று. யார் தட்டிலிருந்த பஜ்ஜியை யார் சாப்பிட்டார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

"இது திரங்கானு ஆறு, மாமி. கடல்ல சேர்ற இடம்" என்று அவர் குரல் கேட்டது.

வேஷ்டியில் கடல் வந்தது. நான் கடலைப் பார்க்காதவள் இல்லை. சௌபாட்டியில் பேல்பூரிக் கூட்டத்துக்கு நடுவே எட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனால் இப்படி ஒரு நீலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கரையில் வரிசையாக மீன்பிடிப் படகுகள். ஒவ்வொன்றிலும் முன்பக்கம் கொக்கின் தலை மாதிரி ஒரு மரச்செதுக்கல். உடம்பெல்லாம் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பூவும் கொடியும்.

"மீன் பிடிக்கப் போற படகுக்கா இத்தனை அலங்காரம்?" என்றார் அப்பா.

"அவாளுக்கு அது குடும்பத்துல ஒரு மனுஷா மாதிரி மாமா. அதான் இத்தனை செய்வா."

அடுத்தது ஆற்றோரம் ஒரு குன்று. இளவரசிக் குன்று என்று பெயராம். மேலே பழைய கோட்டையும், ஆபத்து வந்தால் அடிப்பதற்கு ஒரு பெரிய மணியும். பிறகு, தூண்மேல் நிற்கும் மர வீடுகள். அதன் பிறகு சந்தை. சந்தை முழுக்கப் பெண்கள்தான் வியாபாரம். காய்கறிக் குவியலுக்கு நடுவே சம்மணம் போட்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. அவள் என்னை நேராகப் பார்த்து, 'நீ எப்போது வருகிறாய்?' என்று கேட்டது போலிருந்தது.

"பாஷை?" என்றாள் அம்மா.

"கஷ்டமே இல்லை மாமி. கடைக்கு கெடாய்ங்கறா. கட்டிலுக்கு காத்தில். பெட்டிக்கு பெத்தி. ஆப்பத்துக்கு ஆபம்."

"அட! நம்மளவா யாரோ முன்னாடியே போய் மூட்டையை அவுத்திருக்கா."

தென்னை மரத்தில் ஏறித் தேங்காய் பறிக்கும் குரங்கைக் காட்டியபோது அம்மா பாதி சம்மதித்தே விட்டாள். அவள் மரமேறிகளிடம் அலுத்துப்போன பாலக்காட்டுப் பெண். "நாளைக்கு வரேன் நாளைக்கு வரேன்னு ஏமாத்தாதோல்லியோ?" என்று அக்கறையாக விசாரித்தாள்.

பிறகு ஒரு பட்டம் வந்தது. ஆள் உயரப் பட்டம். கீழ்ப்பக்கம் பிறை நிலா மாதிரி வளைந்திருக்கும். அதன் தலையில் ஒரு வில்லைக் கட்டிப் பறக்கவிடுவார்களாம். காற்றில் அது பாடுமாம். எப்படிப் பாடும் என்று அப்பா கேட்டார். அவ்வளவுதான், இருட்டில் "ம்ம்ம்ம்ம்" என்று ஒரு முழக்கம். கணக்கு வாத்தியார், பெண் பார்க்க வந்த இடத்தில், மாமனார் மாமியார் ஆகப் போகிறவர்கள் முன்னால் பட்டமாகப் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான். முகத்தை இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"இனிமே வரப்போறதுதான் எல்லாத்துக்கும் உசத்தி" என்றார் அவர். "உலகத்துல அபூர்வமா சில இடத்துலதான் இதைப் பாக்கலாம்."

கிளிக். வேஷ்டி முழுக்க ஓர் ஆமை.

சாதாரண ஆமை இல்லை. எங்கள் சாப்பாட்டு மேஜையைவிடப் பெரியது. கரிய முதுகில் வரிவரியாகக் கோடுகள். அது விடியற்காலை மணலில் துடுப்புப் போன்ற கைகளை ஊன்றி, எங்கள் ஹாலுக்குள் நேராக வந்துகொண்டிருந்தது.

"கடலைத் தாண்டி எங்கேர்ந்தோ வரும். மணல்ல குழி தோண்டி நூறு முட்டை இடும்" என்றார். குரலில் அத்தனை பெருமை.

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "முட்டை இட்டப்புறம் கூட இருந்து பாத்துக்குமா?" என்று கேட்டேன்.

"இல்லை. மணலைப் போட்டு மூடிட்டு நேரா கடலுக்குப் போயிடும். திரும்பிக்கூடப் பாக்காது."

"ஐயையோ!" என்று அலறினாள் அம்மா.

அவர் அதை ஆச்சரியம் என்று நினைத்துவிட்டார். "ஆமாம் மாமி, இதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு" என்று அடுத்த சிலைடைத் தள்ளினார். இன்னும் பெரிய ஆமை வந்தது.

"ஜக்கு, அணைடா!" என்று இருட்டில் அக்கா கத்தினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. ஆமை வீட்டுக்குள் நுழைந்தால் குடும்பம் விளங்காது என்பது எங்கள் ஜனங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாத விஷயம். அதைச் சம்பந்தம் பேசுகிற அன்றைக்குப் பெட்டியில் வைத்துச் சுமந்து வந்து, பிளக் போட்டு விட்டிருக்கிறார் மாப்பிள்ளை. பல வருஷம் மலாயாவில் இருந்ததில் அவருக்கு அது மறந்தே போயிருந்தது.

அணைக்கப் போனால் சிலைடு மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அப்பா ஜன்னல் கம்பளியைப் பிடுங்கினார். வெளிச்சத்திலும் ஆமை வேஷ்டியில் மங்கலாக உட்கார்ந்துகொண்டு அம்மாவைப் பார்த்தது. கடைசியில் அக்காதான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினாள்.

அவர்கள் படி இறங்கியதும் அம்மா ஹால் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். வேஷ்டியை வாளியில் முக்கினாள். ஆமை ஏறின வேஷ்டியை இனிமேல் கட்டிக்கொள்ளக் கூடாது என்று அப்பாவுக்கு உத்தரவு போட்டாள்.

"அம்மா, அது வெறும் வெளிச்சம்" என்றேன்.

"வெளிச்சமோ நிழலோ, ஆத்துக்குள்ள வந்துடுத்தோல்லியோ? அதுவும் எப்படிப்பட்ட ஜந்து! பெத்ததைத் திரும்பிப் பாக்காத ஜந்து. அந்த ஊருக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன்."

மறுநாள் அப்பா செம்பூருக்குப் போய், ஜாதகம் சரியாகச் சேரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். திரும்பி வந்ததும் தலைவலி என்று படுத்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த வாரம் முழுக்க டைப்ரைட்டரை அடி அடியென்று அடித்தேன். ஆபீசில் என் வேகத்தைப் பாராட்டினார்கள். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் அழுகையே வந்துவிட்டது. மாதுங்காவில் ஏறி வி.டி.யில் இறங்குவதோடு என் உலகம் முடிந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஒரு ஜன்னலைத் திறந்து காட்டிவிட்டு, உடனே பட்டென்று சாத்திவிட்டார்கள். எனக்கு அந்தக் கடல் வேண்டும், இருட்டில் பாடின அந்த மனிதரும் வேண்டும். இதை யாரிடம் சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் மறுபடி வந்தார்கள். பெட்டி இல்லை. அவர் தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் ஸ்கூல் பையன் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மாமி, மூணு இடத்துலயும் ஊர்தான் தடங்கல்னு புரிஞ்சுடுத்து. நான் திரும்பிப் போகலை" என்றார். "சயன்ல ஒரு ஸ்கூல்ல வேலை கேட்டேன். ஜனவரியில சேரச் சொல்லிட்டா. இனிமே பம்பாய்தான்."

அம்மாவின் முகம் பூத்துவிட்டது. "உக்காருங்கோ, காப்பி கொண்டு வரேன்" என்று எழுந்தாள்.

"அப்போ ஆமை தோஷம்?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"அது கடலோட போச்சு, விடுங்கோன்னா" என்றாள் அம்மா.

காப்பியை என் கையில் கொடுத்து அனுப்பினாள். அன்றைக்குத்தான் அவரை முழு வெளிச்சத்தில் கிட்டத்தில் பார்த்தேன். நல்ல முகம். ஆனால் ஏதோ ஒன்றைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தார்.

"ஸ்கூல் எப்படி?" என்றார் அப்பா.

"நல்ல ஸ்கூல் மாமா. பஸ் வசதி இருக்கு."

பட்டம் மாதிரிப் பாடின வாய், பஸ் வசதி இருக்கிறது என்று சொல்கிறது. டபராவை டக்கென்று மேஜைமேல் வைத்தேன்.

"எனக்குச் சம்மதம் இல்லை" என்றேன்.

அக்கா கையிலிருந்த காப்பி தளும்பியது. "ருக்கு!" என்றார் அப்பா.

"திரங்கானுவுக்குப் போறதா இருந்தா சம்மதம்ப்பா. இவர் சயன்லயே உக்காரப் போறார்னா எனக்கு வேற இடம் பாருங்கோ. பஸ் வசதி எனக்கு இங்கேயே நிறைய இருக்கு."

பெண் பார்க்க வந்தவர் அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"அங்கே நம்மளவா ரெண்டே குடும்பம்தான்" என்றார் மெதுவாக. "மரவீடு. இந்த மாசமெல்லாம் ஒரே மழை. கடல்ல படகே இறங்காது."

"நான் என்ன படகு ஓட்டவா வரேன்?"

அவர் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். சிரிக்காதது அம்மா ஒருத்திதான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தோஷமாவது, மண்ணாவது" என்றாள். குரல் உடைந்திருந்தது. "ஆமை மேல பழியைப் போட்டேன். எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. கண்ணுக்கெட்டாத தேசத்துக்கு அனுப்பிட்டு நான் என்ன பண்ணுவேன்? அதை வாயைத் திறந்து சொன்னா சுயநலம்னு சொல்லுவேள். அதான்."

எனக்குக் கோபமெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் சாய்ந்தேன். போக வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். சத்தியமாக. அவள் என் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அத்தனை ஆசையாடி உனக்கு?"

நான் தலையை ஆட்டினேன்.

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு, இதுவரை 'அந்தப் பிள்ளையாண்டான்' என்றே சொல்லிக்கொண்டிருந்தவள், நேராக அவரைப் பார்த்து, "மாப்பிள்ளை, மெட்ராஸ்லேர்ந்து கப்பல்ல எத்தனை நாள்?" என்று கேட்டாள்.

"ஒரு வாரம் ஆகும் மாமி. அதுக்கப்புறம் ரயிலும் பஸ்ஸும். ருக்குவுக்குக் கஷ்டம் இல்லாம நான் கூட்டிண்டு போயிடுவேன்."

"அவளுக்கு என்ன, அவ குதிச்சிண்டு போவா. நான் என்னைப் பத்திக் கேக்கறேன்" என்றாள் அம்மா. "தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு வயித்தைத் தள்ளிண்டு அத்தனை தூரம் வர முடியுமா? நான்தானே அங்கே வந்தாகணும்?"

அவருக்குக் காது நுனிவரை சிவந்துபோயிற்று. நான் சமையலறைக்குள் ஓடியே விட்டேன். ஹாலில் அப்பா சிரித்த சிரிப்பில் மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள்.

"அடி அகிலாண்டம், இன்னும் நிச்சயதார்த்தமே ஆகலைடி!"

"அதுக்கென்ன, மார்கழிக்கு இன்னும் நாள் இருக்கு" என்றாள் அம்மா. "நீங்க சொல்லுங்கோ மாப்பிள்ளை, கப்பல்ல மடி ஆசாரமா சமைச்சுக்க இடம் கொடுப்பாளோ?"