இரண்டு கோட் பெயின்ட்

என் கொழுந்தனுக்குப் பெயின்ட் இல்லாத இரும்பைக் கண்டால் கை அரிக்கும். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் வேலை. தெருவில் யார் காரிலாவது கீறல் இருந்தால் இவனுக்குத் தூக்கம் போய்விடும் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் கிட்டார் வாசிப்பவர். நான் மில்லில் எலக்ட்ரீஷியன்.

கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க, கடையில் விற்கிற எந்த ஆம்பும் அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய ரேடியோவில் இருக்குமே கண்ணாடி வால்வு, அது போட்ட ஆம்ப்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். சரி, தொலையட்டும் என்று நானே செய்ய உட்கார்ந்தேன். ஃபிரிட்ஜோடு சேர்ந்து உயிரை விட்டிருந்த ஸ்டெபிலைசரின் இரும்புப் பெட்டி கிடந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, மேல்தட்டில் வால்வுகளுக்கு ஓட்டை போட்டேன். கொழுந்தன் உள்ளும் புறமும் செக்கச்செவேலென்று பெயின்ட் அடித்துக் கொடுத்தான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் எர்த் வயரை முடுக்குகிற போல்ட்டுக்கு அடியில் மட்டும் நான் பெயின்டைச் சுரண்டி இரும்பை வெளியே கொண்டுவந்தேன்.

பெயின்ட் மேல் முடுக்கினால் எர்த் கிடைக்காது. கிட்டார் கம்பிகளும் வயர் வழியாக அந்தப் பெட்டியோடுதான் சேர்ந்திருக்கும். பெட்டியில் கரண்ட் பட்டால் எர்த் அதை இழுத்துக்கொள்ளும், ஃபியூஸ் போய்விடும். எர்த் இல்லையென்றால் ஃபியூஸ் போகாது, வாசிக்கிற ஆள் போய்விடுவார். இதை நான் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சுரண்டினேன், முடுக்கினேன், மீட்டர் வைத்துப் பார்த்தேன், வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

மாலையில் நிகழ்ச்சி. மதியமே மண்டபத்தில் ஒத்திகை. வீட்டுக்காரர் மேடையில் கம்பிகளைச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார். ஆம்ப் குரலெடுத்ததும் எனக்கே கர்வம் வந்தது. நானும் கொழுந்தனும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

"எப்படி மின்னுது பாத்தீங்களா அண்ணி?" என்றான்.

"மின்னுது, மின்னுது. நீ மயங்கி விழுந்துடாத."

"உள்ள ஒரே ஒரு இடம்தான் சொறி பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அந்த போல்ட்டுக்கு அடியில. நேத்து நானே திறந்து, கழட்டி, ரெண்டு கோட் அடிச்சு, காயவச்சு முடுக்கிட்டேன். மூடிதான் சரியா உக்காரல. வயரை அமுக்கித் தள்ளிட்டு மூடினேன்."

எர்த் இல்லை. மூடிக்கு அடியில் எந்த வயர் நசுங்கிக் கிடக்கிறதோ தெரியாது.

மேடையில் அவர் விரல்களை உதறினார். "என்னமோ கம்பி சுருசுருன்னு இருக்கு" என்று டிரம்காரரிடம் சொல்லிச் சிரித்தார். காலில் ரப்பர் செருப்பு, கீழே மரப்பலகை. அதனால்தான் சுருசுருப்போடு நிற்கிறது. அவருக்கு முன்னால் இரும்பு மைக். அதற்கு மண்டபத்து எர்த் இருக்கிறது. கை கம்பியிலும் உதடு மைக்கிலும் பட்டால் கரண்ட் அவர் உடம்பு வழியாகப் பாயும், முடிந்தது கதை.

கத்த வாயெடுத்தேன். அப்படியே அடக்கிக்கொண்டேன். கீழேயிருந்து யார் கூப்பிட்டாலும் மைக்கில் வாயை ஒட்டி "என்ன?" என்று கேட்பது அந்த மனுஷனின் பழக்கம். நான் கூப்பிட்டால் நானே கொன்ற மாதிரி ஆகிவிடும்.

ஓடினேன். பிளக் மேடையின் இடது பக்கச் சுவரில் இருந்தது. நாற்காலி தடுக்கி முழங்கால் தோல் பெயர்ந்தது. அவர் மைக்கை நோக்கி ஓரடி வைத்தார். என் புடவை எதிலோ மாட்டிக்கொண்டது. கிழித்துக்கொண்டு போனேன். அவர் குனிந்தார். நான் பிளக்கைப் பிடித்து இழுத்தேன்.

ஆம்ப் உடனே நிற்கவில்லை. உள்ளே மிச்சமிருந்த தெம்பில் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. பிளக் உண்மையிலேயே என் கையில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். மைக்கில் அவர் குரல் வந்தது. "ஒண்ணு, ரெண்டு..." அந்தக் குரலைக் கேட்டதும் பிளக்கோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"யாருப்பா பிடுங்கினது? ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா?" என்று அவர் கத்தினார்.

நான் என் கருவிப்பையை எடுத்துக்கொண்டு மேடையேறினேன். பெட்டியைத் திறந்து, உள்ளே தங்கியிருந்த கரண்டை முதலில் வடித்தேன். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் முள்ளிலும் இன்னொன்றைப் பெட்டியிலும் வைத்தேன். சேர்ந்திருந்தால் பீப் அடிக்கும்; சத்தமே இல்லை. அடுத்து, கரண்ட் வருகிற முள்ளில் வைத்தேன். பீப் என்று அலறியது. மூடியின் விளிம்பு வயரின் தோலை அறுத்திருந்தது.

"இந்தக் கம்பியோட மைக்கைத் தொட்டிருந்தீங்கன்னா, இப்போ உங்களைத் தூக்கிட்டுப் போயிட்டிருப்போம்" என்றேன். அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கொழுந்தன் மேடைக்குக் கீழே நின்றான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

புது வயர் போட்டேன். பெயின்டைச் சுரண்டி எர்த்தை முடுக்கினேன். திரும்பத் திரும்ப மீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பிளக்கைச் சொருகினேன், ஆம்ப் உயிர் பெற்றது. ஆனால் வீட்டுக்காரரின் கை கிட்டார் பக்கம் போகவே இல்லை.

கொழுந்தன் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினான்.

"வேண்டாம் தம்பி, மீட்டரே சொல்லிடுச்சு" என்றேன். "விடுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு, கிட்டாரை எடுத்து ஆறு கம்பிகளையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டு மைக்கில் வாயை ஒட்டினான். ஒன்று, இரண்டு சொல்லத்தான் உதட்டைப் பிரித்தான். மண்டபம் முழுக்க அவன் அழுகைதான் கேட்டது.