ஞாயிறு தூங்கிய பெட்டி

அப்பா தொம்மையின் வள்ளம் கரை திரும்பவில்லை என்று திங்கள் சாயங்காலம் பாளையங்கோட்டைக்கு ஃபோன் வந்தபோது சுஜின் பதறவேயில்லை. ஆபத்தென்றால் பெட்டிக்குக் கேட்டிருக்குமே என்றான். பாவிப்பயல்! அந்தப் பெட்டியை வைத்தவனே அவன்தான்.

சொந்த ஊரான புன்னக்காயலில், மீனவர் கமிட்டி அறையில் பேட்டரியில் ஓடும் கம்ப்யூட்டர் அது. கடலிலிருந்து வயர்லெஸ்ஸில் யாராவது உதவி கேட்டால் அதிலுள்ள ரேடியோ கார்டு பிடித்துச் சங்கு ஊதவைக்கும், திருப்பிப் பேசாது. பேட்டரி தீராதிருக்க கம்ப்யூட்டரை ஆளும் லினக்ஸ் கெர்னலுக்குள், கார்டை இயக்க சுஜின் ஒரு டிரைவர் எழுதினான். சற்று நேரம் பேச்சில்லையென்றால் கார்டு கண்ணயரும். நாள் முழுக்க இல்லையென்றால் மின்சாரமே நின்று அடித்துப்போட்டதுபோல் தூங்கும், விடியலில் கெர்னல் எழுப்பும். திங்கள் தொடங்கிச் சனி வரை ஊரிலேயே கிடந்து சோதித்தான். ஞாயிறு பூசையை விட்டுவிட்டு எவன் கடலுக்குப் போகிறான், அன்றைக்கு என்ன சோதனை என்று பஸ் ஏறிவிட்டான்.

செவ்வாய் காலை வந்து பார்த்தால் பச்சை விளக்கு ஜம்மென்று எரிகிறது. கார்டு விழித்துத்தான் இருந்தது. ஆனால் எந்தச் சானலைக் கேட்பது என்பது அதற்கு மறந்துபோயிருந்தது. கண்ணயர்ந்தால் மறக்காது, மின்சாரம் நின்றால் எல்லாம் அழிந்துவிடும், எழுப்பும்போது கெர்னல்தான் திரும்பச் சொல்லித்தர வேண்டும். அந்த ஒரு வரியை அவன் எழுதவில்லை. வாரநாளில் ஓயாத பேச்சு, கார்டு முழுசாகத் தூங்கியதே இல்லை. கடலில் ஒருவரும் இல்லாத ஞாயிறுதான் முதன்முதலாகத் தூங்கியது. இந்த ஊரில் பிறந்தவன், ஞாயிற்றுக்கிழமையை மறந்தானே!

வீட்டில் அம்மா ஞானசௌந்தரியின் பக்கத்தில், திங்களன்று அப்பாவுக்குச் சற்றுத் தூரத்தில் வலைபோட்டிருந்த தேவசிகாமணி உட்கார்ந்திருந்தார். தேடிப்போனவர்களுக்கு வள்ளத்தின் ஒரு பலகைதான் அகப்பட்டது.

"பேட்டரி செத்துப்போச்சுன்னு சொல்லுதாவ. அப்படியாலே?" என்றாள் அம்மா.

ஆமென்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்லம்மா. நான்தான் எழுதாம விட்டுட்டேன்."

தேவசிகாமணி தலையில் கைவைத்துக்கொண்டார். "தண்ணி ஏறுதுன்னு ஒங்கப்பன் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. நான் வரட்டான்னேன். 'வேண்டாம்வே, நீரு வலையப் பாரும், எம்மவன் பொட்டிக்குக் கேட்டுரும்'னான்லே."

ஞானசௌந்தரி மகன் முகத்தைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போனாள்.