காலியாக விட்ட நடு இருக்கை

டிக்கெட் போடும் வேலையை என் தலையில் கட்டியது அக்காதான். "அட்டவணை போடறதுக்குன்னே பொறந்தவ நீ. இதுக்கும் ஒண்ணு போட்டுடு," என்றாள். வீட்டில் என் பட்டப்பெயரே அட்டவணைதான். பால் பாக்கெட் வாங்குவதிலிருந்து பல் மருத்துவரைப் பார்ப்பது வரை கட்டம் போட்டு எழுதி வைப்பேன். பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. அரை மில்லிமீட்டர் தப்பினால் ஒருவருக்குத் தலைவலி வந்துவிடும். அந்தப் பயம் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. மாலையில் போகும் எழுத்து வகுப்பில் தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். இந்தப் பயணத்தைப் பற்றிய பக்கத்தை மட்டும் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் அம்மாவும் எட்டு மாதமாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை. அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். முப்பத்தோரு வருஷம் குழிக்குள் இறங்கி ஏறியதில் வலது முழங்கால் போய்விட்டது. ஒருநாள் விருப்ப ஓய்வுக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. மூன்றாம் மாடிக்காரி படியில் அம்மாவை நிறுத்தி, "இனிமே அண்ணன் வீட்டோடதானாமே, உங்களுக்கும் துணையாச்சு" என்று சொன்ன பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் தெரிஞ்ச சேதி, எனக்கு மட்டும் தெரியக் கூடாதா?"

அப்பா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அதோடு பேச்சு நின்றது.

அப்புறம் அவர்களுக்கு நடுவில் நான். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நடுவில். எங்கள் வீட்டில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று இருக்கிறது. ஒரு கோடியில் அம்மா, மறுகோடியில் அப்பா, நடுப் பள்ளத்தில் நான்.

"அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுது."

"சாப்பிட்டாச்சுன்னு சொல்லு."

"எங்க சாப்பிட்டாராம்?"

"வெளியிலன்னு சொல்லு."

"வெளிச் சாப்பாடு வயித்துக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னத யாரு கேக்கறா, சொல்லு."

முதல் மாதத்தில் நான் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பார்த்தேன். 'வேணும்னா எடுத்துக்கட்டும்' என்று அம்மா சொன்னதை, 'எடுத்துக்கச் சொன்னாங்கப்பா' என்று மாற்றினேன். இரண்டே நாளில் வெளுத்துவிட்டது. "நடுவுல நீ என்ன சேக்கற?" என்று இருவருமே என்னைக் கடிந்துகொண்டார்கள். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: சொன்னது சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல்.

தீவுப் பயணம் என்பது பழைய வாக்குறுதி. கல்யாணமாகி முப்பதாவது வருஷம் கூட்டிப் போகிறேன் என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். அந்த வருஷம்தான் இது. போக வேண்டாம் என்று இருவருமே சொல்லவில்லை. ஆனால் அம்மா அக்காவிடம் தனியாக ஒன்று சொல்லியிருந்தாள். "அந்தத் தீவ ஒரு தடவ பாத்துட்டு, நான் உங்க பெரியம்மா வீட்டோட போயிடறேன். நீங்க ரெண்டு பேரும் வளந்துட்டீங்க."

அக்கா இதை என்னிடம் சொன்னபோது அவள் கண் கலங்கவில்லை. அவள் அப்படித்தான். "பதினோரு மணி நேரம்டி. பக்கத்துல பக்கத்துல கட்டிப்போட்டா கல்லும் பேசும். நீ சீட்டை மட்டும் ஒழுங்காப் போடு, மிச்சத்த முட்டியும் மூத்திரமும் பாத்துக்கும்," என்றாள். ஜன்னலோரம் இருப்பவர் எழுந்து போக வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் வழி கேட்டுத்தானே ஆக வேண்டும், அதைச் சொன்னாள்.

நான் முதலில் விமானங்களைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று வழிகள் இருந்தன. ஒன்றில் மாறுவதற்கு ஐம்பது நிமிடம்தான், அப்பாவின் காலுக்கு ஓட்டம் ஆகாது. இன்னொன்றில் ஒன்பது மணி நேரக் காத்திருப்பு. ஒன்பது மணி நேரம் இருவரும் ஒரு பெஞ்சின் இரண்டு கோடிகளில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்து அதையும் அடித்தேன். மூன்றாவதில் காத்திருப்பு மூன்றரை மணி நேரம். மாறி ஏறும் பெரிய விமானம் காலையில் கிளம்பும், வெளிச்சத்திலேயே தீவு தெரியும். இது சரியான தேர்வு என்று இன்றைக்கும் நம்புகிறேன். நான் நம்புவது இது ஒன்றைத்தான்.

பிறகு இருக்கைகள். வழக்கம்போல் தனித்தனியாகக் கேட்டு எழுதினேன். அப்பா பால்கனியில் ஒரு பழைய பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"நடைபாதை ஓரமாப் போடு. கால நீட்டணும்."

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஜன்னல். தீவு வர்றப்ப மேல இருந்து பாக்கணும்."

எழுதிக்கொண்டேன். யார் பக்கத்தில் யார் என்று கேட்கவில்லை. என் அட்டவணையில் அந்தக் கட்டமே இல்லை.

அந்த விமானத்தில் மும்மூன்று இருக்கைகளாக மூன்று கூட்டம். மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவர் பயண ஏஜென்சியில் வேலை பார்க்கிறார். டிக்கெட் அண்ணன் என்று கூப்பிடுவோம். இடைவேளையில் அவரிடம் படத்தைக் காட்டினேன்.

"ஜன்னல் ஒண்ணு, ஓரம் ஒண்ணு எடுத்துட்டு நடுவக் காலியா விட்டுடும்மா. தனியா வர்றவன் எவனும் நடு சீட்டத் தேடி எடுக்க மாட்டான். அதிர்ஷ்டம் இருந்தா கைப்பிடியத் தூக்கிட்டு அப்பா கால நீட்டிக்கலாம். ரெண்டு டிக்கெட்டுக்கு மூணு சீட்டு!"

"யாராவது எடுத்துட்டா?"

"எடுத்தா என்ன, ஓரத்தத் தர்றேன்னா ஓடி வந்து மாத்திப்பான்."

எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தது. அம்மாவுக்கு ஜன்னல், அப்பாவுக்கு ஓரம், காலுக்கு இடம். முப்பத்து நாலாவது வரிசையில் ஏ அம்மா, சி அப்பா. நடைபாதைக்கு இந்தப் பக்கம் நானும் அக்காவும், டி, இ. படத்தை அச்செடுத்து, நான்கு இருக்கைகளுக்கும் பச்சைப் பேனாவால் வட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஒட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பெருமையோடு. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அப்பாதான் முதலில் பார்த்தார். தண்ணீர் எடுக்க வந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"நடுவுல யாரு?"

"யாரும் இல்லப்பா. காலியா இருக்கும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சத்தம் இல்லை. "நம்ம வீட்டு சோபா மாதிரியே இருக்கே. நீ மட்டும் இல்ல." பாட்டிலை மூடினார். "அவ இப்படிக் கேட்டாளா?"

"இல்லப்பா, நானாத்தான் போட்டேன்."

"நீயா எதம்மா சொன்ன இத்தன நாள்ல? உன் வாயில வர்றதெல்லாம் அவ வார்த்ததான."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்து ஏதாவது சொல்லியிருப்பேன்.

அம்மா சாயங்காலம் பார்த்தாள். "ஓஹோ. பக்கத்துல உக்காந்தா ஒட்டிக்குமாமா உங்கப்பாவுக்கு?"

"அம்மா, அவர் ஒண்ணும் சொல்லல. நான்தான், கால் நீட்ட வசதியா இருக்கட்டும்னு…"

"அவருக்கு வக்காலத்து வாங்காத. முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு அவர் மனசு தெரியாதா?"

இருவரிடமும் மறுபடி மறுபடி சொன்னேன். தபால்காரன் தானே ஒரு கடிதம் எழுதினால் யார் நம்புவார்கள்? எட்டு மாதமாக எனக்கென்று ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. இப்போது பேசியதும் எடுபடவில்லை.

மறுநாள் கடையிலிருந்து வந்ததும் அப்பாவை நடு இருக்கைக்கு நகர்த்திவிடலாம் என்று கணினியைத் திறந்தேன். நடுக் கட்டம் சாம்பல் நிறமாக இருந்தது. யாரோ எடுத்துவிட்டார்கள். டிக்கெட் அண்ணன் தேடி எடுக்க மாட்டான் என்று சொன்ன அந்த ஒருவன். விமானத்தில் வேறெங்கும் ஜோடி இருக்கை மிச்சமில்லை.

அக்காதான் வழி சொன்னாள். "நம்ம ரெண்டு பேர் சீட்ட அவங்களுக்குக் குடுத்துட்டு, நாம அங்க போயிடலாம். போய்க் கேளு."

அப்பாவிடம் போனேன். அவர் கால்மாட்டில் தலையணை வைத்துப் படுத்திருந்தார். "வேணாம். அவ ஆசப்பட்ட ஜன்னல். இருக்கறபடி இருக்கட்டும்னு சொல்லு."

அறைக்கு வெளியே அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பக்கத்துல உக்காரணும்னு அப்பா சொன்னாருன்னு சொல்லுடி."

"அவர் அப்படிச் சொல்லலயே."

"அதான் பொய்."

"பொய் சொன்ன வாய்க்கு…"

"போஜனம் கெடைக்காட்டி என்ன, அதான் விமானத்துல குடுப்பாங்கல்ல. போ!"

சமையலறை வரை அந்தப் பொய்யை வாய்க்குள் வைத்துக்கொண்டு போனேன். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். தண்ணீரை நிறுத்திவிட்டு, திரும்பாமலேயே கேட்டாள்.

"என்ன சொன்னாரு?"

அவள் தண்ணீரை நிறுத்தியது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மிச்சப் பாத்திரத்தை நான் கழுவித் தருகிறேன் என்று ஏதோ உளறினேன். "என்ன சொன்னாருன்னு கேட்டேன்," என்றாள் மறுபடியும். எட்டு மாதப் பழக்கம். சொன்னது சொன்னபடி.

"இருக்கறபடி இருக்கட்டுமாம்."

"ஜன்னல்" என்ற வார்த்தையை விட்டுவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. கூட்டாமல் குறைக்காமல் என்று வைத்த விதியை, குறைக்கக் கூடாத ஒரே இடத்தில் மீறியிருக்கிறேன்.

அம்மா குழாயைத் திறந்தாள். "சரி. அப்படியே இருக்கட்டும்."

விமானத்தில் நடுவில் வந்து உட்கார்ந்தவர் பருத்த, நல்ல மனிதர். மடியில் ஒரு வைக்கோல் தொப்பி. முதல் ஒரு மணி நேரம் இரண்டு முழங்கைகளையும் ஒடுக்கிக்கொண்டு, பிறந்ததற்கே மன்னிப்புக் கேட்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். இருவர் மடியிலும் ஒரே துணியில் தைத்த கைப்பை இருப்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

"நீங்க ரெண்டு பேரும் சேந்து வர்றீங்களா? வேணும்னா நான் மாறிக்கிறேன்."

அக்கா என் தொடையைக் கிள்ளினாள். அம்மா ஜன்னல் பக்கமிருந்து தலையைத் திருப்பினாள். அப்பா கைப்பிடியைத் தடவினார்.

"பரவாயில்லங்க. அவங்களுக்கு ஜன்னல்தான் பிடிக்கும்."

'அவங்க' என்றார். அறிமுகமில்லாத ஒரு பெண்மணியைச் சொல்வது போல. அம்மா மறுபடியும் வெளியே பார்க்கத் தொடங்கினாள். அப்போது வெளியே மேகத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

பதினோரு மணி நேரத்தில் அம்மா இரண்டு முறை எழுந்தாள். இரண்டு முறையும் தொப்பிக்காரர்தான் அப்பாவின் தோளைத் தொட்டு வழி கேட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார். அம்மா பையிலிருந்து வலித் தைலத்தை எடுத்துத் தொப்பிக்காரரிடம் நீட்டி, கண்ணால் அந்தப் பக்கம் காட்டினாள். அவர் வாங்கி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா தடவிக்கொண்டு, மூடி, அதே வழியில் திருப்பி அனுப்பினார். "உன் வேலைய அவர் எடுத்துக்கிட்டாரு," என்று அக்கா என் காதில் சொன்னாள். இருவரும் சிரிக்க முயன்றோம்.

தீவு அழகாகத்தான் இருந்தது. அதை எழுத எனக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் காலை அம்மா என் அறைக்கு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "திரும்பற டிக்கெட்ல என்னோடத மட்டும் பெரியம்மா ஊருக்கு மாத்திடு. அப்பாகிட்ட சொல்லிடு."

"நான் சொல்ல மாட்டேன்மா."

அவள் என்னை ஏறிட்டாள்.

"நீயே சொல்லு," என்றேன். இதை எட்டு மாதம் முன்பு சொல்லியிருக்க வேண்டும் என்று அந்த நொடியே தெரிந்தது.

அம்மா கொஞ்ச நேரம் போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு எழுந்து போனாள். பால்கனியிலிருந்து பார்த்தேன். அப்பா மணலில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நடுவில் இடம் விடவில்லை. அவள் பேசினாள். அவர் தலையை ஆட்டினார். பிறகு அவர் பேசினார், வெகுநேரம். என் காதுக்கு அலைச் சத்தம்தான் வந்தது. அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எட்டு மாதத்தில் முதன்முறையாக எனக்குத் தெரியவில்லை. அது ஒரு நல்ல அறிகுறி என்று நினைத்து, அக்காவைக் கூப்பிடக்கூட ஓடினேன்.

அம்மா திரும்பி வந்தபோது காலெல்லாம் மணல்.

"சொல்லிட்டேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

அம்மா குனிந்து மணலைத் தட்டிவிட்டாள். ஒவ்வொரு விரலாக, நிதானமாக.

"எனக்கு ஜன்னல் சீட்டாப் பாத்துப் போடச் சொன்னாரு."

கணினியைத் திறந்தேன். வழியில் மாறிப் பெரியம்மா ஊருக்குப் போவது சின்ன விமானம், பக்கத்துக்கு இரண்டே இருக்கைகள். நடு இருக்கையே கிடையாது. ஜன்னலோரம் நிறையக் காலியாக இருந்தது. அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வரிசை என்று கேட்டேன். எதுவானாலும் சரி என்றாள்.