கொக்கியின் முத்திரை

தங்கத்தின் தரம் பார்க்கும் மெஷின் காட்டிய எண்ணைக் கடைக்காரர் சொன்னதும் தையல்காரியின் மாமியார் போட்ட சத்தத்தில், கடையில் மாட்டியிருந்த ஆரமெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றிருக்கும்.

"பதினெட்டு கேரட்டா? நான் மருமகளுக்குப் போட்டது இருபத்திரண்டு. கொக்கியப் பாருங்க, தொள்ளாயிரத்துப் பதினாறுன்னு முத்திரை இருக்கு."

புது மாடலுக்கு மாற்றலாம் என்று அந்தச் சங்கிலியைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்த தையல்காரிக்குக் காது சூடேறியது. அதற்குள் மாமியார் மூத்த மகளுக்குப் போன் போட்டு முடித்துவிட்டார். "உன் தம்பி பொண்டாட்டி சங்கிலிய மாத்திட்டாடி."

தையல்காரியின் கோபத்தை அப்போது யாராவது அடுப்பில் வைத்திருந்தால் ஒரு வாரம் சமைத்திருக்கலாம்.

"லென்ஸ் இருக்காண்ணே?" என்றாள்.

கடைக்காரர் லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முத்திரை கொக்கிக்கு மட்டுந்தாம்மா. இது வேற நகையோட கொக்கி, பத்தவெச்ச தடம் தெரியுது. சங்கிலிக்குன்னு தனியா இருக்கு பாருங்க, ஓரத்துல, எழுநூத்தி ஐம்பது. ஆயிரத்துல அவ்வளவுதான் தங்கம்."

"அப்ப கொக்கிய வெச்சுக்கிட்டுச் சங்கிலிய மாத்தியிருக்கா. கெட்டிக்காரிதான்," என்றார் மாமியார்.

"ஊரார் துணியில ஒரு ஊக்குகூட நான் எடுத்து வெச்சதில்ல அத்தை."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஏசிக்கு நேர் கீழே நின்ற அவள் வீட்டுக்காரனின் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் நிறையும்.

"என்னங்க, கல்யாணத்துக்கு இத வாங்கப் போனது யாரு?"

அவன் செருப்பைப் பார்த்தான்.

"உங்களத்தான்."

"கல்யாணச் செலவு கை மீறிப் போச்சு," என்றான் தரையிடம். "பதினெட்டுல எடுத்துட்டு, கொக்கி மட்டும் நல்லதா மாட்டச் சொன்னேன். அம்மா எந்த நகையானாலும் கொக்கியத்தானே பாப்பாங்க."

மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. தையல்காரிக்கு அவர்மேல் இருந்த கோபமும் சேர்ந்து, வட்டியோடு வீட்டுக்காரன் பக்கம் திரும்பியது.

"என்னைத் திருடின்னு சொன்னப்ப பக்கத்துலதானே நின்னீங்க?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்னு..."

"திருட்டுப் பட்டம் கடையில, விளக்கம் மட்டும் வீட்டுலயா? உங்க அக்காவுக்குப் போடுங்க. இப்பவே. ஸ்பீக்கர்ல."

"விடும்மா, நான் சொல்லிக்கறேன்," என்றார் மாமியார், குரல் இறங்கி.

"நீங்க சொன்னது போதும் அத்தை."

அவன் போட்டான். மறுமுனையில் அக்கா எடுத்ததும் எடுக்காததுமாக, "என்னடா, ஒத்துக்கிட்டாளா?" என்றாள்.

கடையே காதைத் தீட்டிக்கொண்டது. "அக்கா, சும்மாதான் போட்டேன்..."

தையல்காரி போனை அவன் வாய்க்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளினாள். "சும்மா இல்ல. சொல்லுங்க."




"கொக்கிய மாத்தினது நான்தான்கா," என்றான்.