பூதலிங்கம் தின்ற இரண்டு வாய்

1

இந்தக் கதை எனக்குப் பாளையங்கோட்டையில், ஒரு பரிசோதனைக்கூடத்து பெஞ்சில் கிடைத்தது. வருஷம் 1997. என் மடியிலும் ஒரு டப்பா இருந்தது. அதை விடுங்கள், இது பக்கத்தில் இருந்தவர் டப்பாவின் கதை.

'தாமிரபரணி அன்று கலங்கலாக ஓடிக்கொண்டிருந்த…' என்று தொடங்கி, சீ என்று விட்டேன். மலத்தைப் பற்றி எழுத வந்தவன் ஆற்றுக்குப் பின்னால் ஒளிவானேன்?

2

பூதலிங்கம் மணிமுத்தாறு பஸ்ஸில் கண்டக்டர். (பெஞ்சில் 'அவர்', கதையில் 'அவன்'. பொறுத்துக்கொள்ளுங்கள்.) அவனுக்குக் குரோன் என்றொரு குடல் நோய். காசநோய் என்று ஒரு வருஷம் மாத்திரை தின்றபின்தான் பெயரே பிடிபட்டது. குடலில் ஒன்றரை அடியை வெட்டி எடுத்தார்கள். வெட்டினாலும் அது திரும்ப வரும் என்றார் டாக்டர். வருகிறதா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை மலம் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதில் இருந்தால் மறுபடி கத்திதான் என்று அவனுக்குப் பயம். கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பிருந்தே கறி, மீன் ஆகாது. ஆட்டு ரத்தமும் அந்தச் சோதனையில் ரத்தமாகத்தான் தெரியும்.

3

ஆபரேஷன் வீட்டுக்குத் தெரியும்; மலம் கொடுப்பதையும் அதற்கான பத்தியத்தையும் சொல்லத்தான் அவனுக்கு வெட்கம்.

(இங்கே எனக்கு ஆள்மேல் சந்தேகம். பஸ்ஸில் நூறு பேரை அதட்டுகிறவனுக்குக் கட்டினவளிடம் என்ன வெட்கம்? ஆனால் அப்படித்தான் சொன்னார்.)

ரத்தம் சோதிக்கப் போகிறேன் என்று மனைவி உலகம்மாளிடம் சொல்லிவைத்தான். அவள் விடுவாளா? சோதனைக்கு முன்னால் ரத்தம் ஊறட்டும் என்று மூன்று நாளும் கறிக்கடையில் ஆட்டு ரத்தம் வாங்கி, சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டுப் பொரித்து வைத்தாள்.

4

சோதனைச் சீட்டு வந்தது. மலத்தில் ரத்தம் இருந்தது. டாக்டர் மனைவியையும் கூட்டிவரச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னான். உலகம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. அது நான் பொரிச்சுப் போட்ட ஆட்டு ரத்தம். மொதல்லயே வாயத் தொறந்து சொன்னா என்ன?"

டாக்டரிடமும் அவளே சொன்னாள். சரி, மூன்று நாள் சுத்தமாக இருந்துவிட்டு மறுபடி கொடுங்கள் என்றார். மூன்று நாளும் பருப்பும் ரசமும்தான். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினாள். சந்தோஷமாக இருந்தாளாம்.

5

இங்கேயே முடித்திருந்தால் நல்ல கதை. அவர் முடிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், நான் அத அவ்வளவாத் திங்கல. மொத நாளு அவ பாத்துக்கிட்டு நின்னா, ரெண்டு வாய் தின்னேன். மிச்சம் பூராத்தையும் பைய நாய்க்குப் போட்டுட்டேன். அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

6

முடிவுகள்:

அ) இரண்டாவது சீட்டில் ரத்தம் இல்லை. நாயைப் பற்றி அவள் கடைசிவரை…

ஆ) ரத்தம் இருக்கிறது. அவள் இன்னும் பருப்பையே சந்தேகப்பட்டுக்கொண்டு…

இரண்டையும் அடித்துவிட்டேன். எதை எழுதினாலும் அந்த மனிதனை நான் ஏமாற்றுவதாகவே படுகிறது. உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். டப்பாவோடு எழுந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், படிச்சவங்க மாதிரி இருக்கிய. ரெண்டு வாய் தின்னாலும் அதுல தெரியுமா?"

தெரியும் என்றேன். எனக்கு என்ன தெரியும்? முகம் தெளிந்து உள்ளே போனார். நான் சொன்னது சரியா என்று அன்றிலிருந்து குழம்பிக்கொண்டிருக்கிறேன். அந்த பெஞ்சில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?