எண்பதுக்கு மேல் போகாது

ஓட்டுநர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பூட்டக்கா. நேரில் சொல்ல மாட்டார்கள். ஃபோன் இணைப்பைத் துண்டிக்காமலே என்னைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும் அறிவாளிகள் இரண்டு பேர் உண்டு, அவர்கள் புண்ணியத்தில் தெரிய வந்தது. எங்கள் சரக்கு நிறுவனத்து லாரிகள் எதுவும் எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதபடி பூட்டி வைப்பது என் வேலை. கணினியில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். நூறு வரை போகலாம் என்று சாலையில் பலகை வைத்திருப்பார்கள். எங்கள் வண்டி போகாது. வேகம் குறைந்தால் டீசல் குறையும், டீசல் குறைந்தால் கார்பன் குறையும். இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை, இருந்தாலும் தினமும் யாருக்காவது விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் கேட்பார்கள். மனைவிக்குப் பிரசவம், பிள்ளைக்குப் பரீட்சை, மச்சான் வெளிநாடு கிளம்புகிறான், ஒரே ஒரு தடவை திறந்து விடுங்கக்கா. ஒருவனுக்குத் திறந்தால் மறுநாள் மொத்தப் பேரும் வரிசையில் நிற்பார்கள். யாருக்கும் திறந்ததில்லை. சம்பளத்துக்காக மட்டும் இதைச் செய்யவில்லை, நம்பித்தான் செய்கிறேன். எங்கள் வண்டிகள் போன வருடம் எவ்வளவு புகையைக் குறைத்தன தெரியுமா என்று நான் ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். அப்பா மட்டும் உட்கார்ந்திருப்பார். "என் மக லாரிக்குக் கடிவாளம் போடுறவ" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பெருமையா கிண்டலா என்று பிடி கொடுத்ததே இல்லை.

என் தம்பியும் எங்கள் நிறுவனத்தில்தான் லாரி ஓட்டுகிறான்.

அன்று காலை டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, அப்பா இன்றைக்கே போனாலும் போகலாம், ஒரு வாரம் தாங்கினாலும் தாங்கலாம் என்றார். எனக்கு மாற்று ஆள் விடுப்பில் இருந்ததால் மடிக்கணினியோடுதான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அத்தை, அப்பாவின் தங்கை. தம்பி சோப்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இந்த ஊருக்குத்தான் வந்துகொண்டிருந்தான். இன்னும் நாலு மணி நேர ஓட்டம் இருந்தது. அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அக்கா, திறந்து விடு. நூறுல வந்துடறேன்."

"முடியாதுடா."

"அப்பாவுக்காகக் கேக்கறேன்."

"எல்லாரும் யாருக்காகவாவதுதான் கேக்கறாங்க. ஒரு வாரம் தாங்கும்னு டாக்டர் சொல்றாரு. நீ நிதானமா வா."

டாக்டர் சொன்னதில் எனக்கு வசதியான பாதியை மட்டும் சொன்னேன். அவன், "சரி, உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டான்.

"உனக்கென்ன நெஞ்சா கல்லாடி?" என்றாள் அத்தை. "கூடப் பொறந்தவன் கெஞ்சறான்."

"அவனுக்கு மட்டும் திறந்தா மத்தவங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

"மத்தவங்க மூஞ்சி கிடக்கட்டும். இந்த மூஞ்சியைப் பாரு."

பார்த்தேன். அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் அவர் கண்ணும் அகலத் திறக்கும். நர்ஸ் வருவாள், தரை துடைக்கிறவர் வருவார், கண் மறுபடி சுருங்கிவிடும். மூக்கையும் வாயையும் மூடி முகமூடி மாட்டியிருந்ததால் பேச்சு இல்லை. ஒருமுறை இரண்டு கைகளையும் கொஞ்சம் தூக்கி ஸ்டீயரிங் திருப்புவதுபோல் காட்டினார். தம்பி எங்கே என்று கேட்கிறார்.

"வந்துட்டே இருக்கான்பா."

தம்பியின் வண்டி மடிக்கணினித் திரையில் எண்பதிலேயே வந்துகொண்டிருந்தது. எண்பத்தொன்று இல்லை, எழுபத்தொன்பதும் இல்லை. இடையில் வேறு இரண்டு வண்டிகளுக்கு வழி மாற்றிக் கொடுத்தேன், ஒரு டயர் பஞ்சருக்கு ஆள் அனுப்பினேன். ஒருமுறை மவுஸை நகர்த்தி அந்தப் பொத்தான்மேல் கொண்டுபோய் வைத்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்துவிட்டு எடுத்துவிட்டேன்.

மதியத்துக்குச் சற்று முன்னால் அப்பா போய்விட்டார். போகும்போதும் முகம் கதவுப் பக்கம்தான் இருந்தது. நர்ஸ் முகமூடியை எடுத்துவிட்டுக் கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்து மூடினாள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளினால் யார் காலையோ கிள்ளுவதுபோல் இருக்குமே, அப்படித்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தம்பி கூப்பிட்டான்.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறவனிடம் சாவுச் செய்தி சொல்லக்கூடாது. எங்கள் தொழிலில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்காமலே எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம் அது. வண்டி நின்று, அவன் கீழே இறங்கிய பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

"அக்கா, இன்னும் அரை மணி நேரம்தான். இப்பவாவது திறந்து விடேன்."

"வேணாம். மெதுவாவே வா."

"அப்பா எப்படி இருக்காரு?"

"அப்படியேதான் இருக்காரு."

"ஃபோனை அவர் காதுல வை. ரெண்டு வார்த்தை பேசிக்கறேன்."

அத்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நான் ஃபோனை அப்பாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். தம்பிக்கு இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். ஸ்பீக்கர் போடாமலே எல்லாம் கேட்டது.

"அப்பா, நான்தான். கிட்ட வந்துட்டேன்பா. அக்கா மேல கோவிச்சுக்காதீங்க. எனக்கு மட்டும் திறந்து விட்டா நாளைக்கு அத்தனை பேரும் அவளைத்தான் பேசுவாங்க. என் பையன் ராத்திரியெல்லாம் மூச்சு வாங்கறப்போ அக்கா புகையைப் பத்திச் சொல்றது எனக்குப் புரியுதுப்பா. அவ சரியாத்தான் செய்யறா. நீங்க அவசரப்படாம இருங்க. நான் வந்து மூஞ்சியைக் காட்டிடறேன், அப்புறம் உங்க இஷ்டம்."

அப்பா பதில் சொல்லக் காத்திருப்பவன்போல் சிறிது நேரம் இருந்துவிட்டு வைத்தான். அந்த அரை மணி நேரமும் நான் உட்காரவில்லை.

வந்தவன்மேல் சோப்பு வாசனை அடித்தது. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தான். அப்பாவின் கன்னத்தைத் தொட்டவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். நர்ஸ் வெளியே இருக்கச் சொன்னதும் மூவரும் நடைபாதை நாற்காலிகளில் போய் உட்கார்ந்தோம்.

"எப்போ?" என்றான்.

"நீ அரை மணி தூரத்துல இருந்தப்போ."

தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நூறுல வந்திருந்தா?"

"அதெல்லாம் இப்ப எதுக்குடா" என்று அத்தை குறுக்கே வந்தாள். "விதி முடிஞ்சுது, போயிட்டாரு."

"நீங்க சும்மா இருங்க அத்தை. அவளுக்குத்தான் கணக்கு தெரியும்."

தெரியும். அப்பா போன மறு நிமிடமே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டு தடவை போட்டேன்.

"பாத்திருப்ப. கால் மணி நேரம் அவர்கூட இருந்திருப்ப."

அடுத்த லோடு எங்கே என்று நான் சொன்னதைக் கேட்டதுபோல் தலையாட்டிக்கொண்டான்.

"அப்போ நான் ஃபோன்ல பேசினது?"

"அதுக்குள்ள போயிட்டாருடா. நீ வண்டில இருந்த. அதான் சொல்லல."

"காதுலயாவது வெச்சியா?"

"வெச்சேன்."

"அவருக்குக் கேக்கல."

"இல்ல. எனக்குக் கேட்டுச்சு."

"அது அவருக்குச் சொன்னதுக்கா. உனக்குச் சொன்னது இல்ல."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் கத்தவில்லை. நர்ஸ் வந்து உள்ளே போகலாம் என்றதும் எழுந்து அவன் மட்டும் போனான். அத்தைகூட உட்கார்ந்தே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே அவன் அப்பாவிடம் ஏதோ பேசுவது கேட்டது. வார்த்தை புரியவில்லை, நான் எழுந்து போய்க் கேட்கவும் இல்லை. இந்தத் தடவை அவன் எனக்காகப் பரிந்து பேசியிருக்க மாட்டான்.